நெல்மி அக்கா கடை மூடியிருந்த ஞாயிறு

— இதே முக்குதான் நெரேய்தா. கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துடுவேன்.

— மூணு தெருமுக்கா இதையேதான் சொல்லிட்டு வர்றே.

— தெருவுக்கெல்லாம் பேர் வைக்காம நம்பர் போட்ட ஊர் இது. ஒரு நம்பர் தப்பினா... இரு. அதோ பச்சைக் கதவு.

— பச்சைக் கதவு இருக்கு. உள்ள போன் உறை விக்கிறாங்க.

வில்பெர்த் நடுத்தெருவில் நின்றுவிட்டான். நாட்டின் தெற்கே இருக்கும் இந்த மெரிதாவில் பிறந்து வளர்ந்தவன் அவன். பதினோரு வருஷத்துக்கு முன் வேலை தேடி வடக்கே மொன்டெர்ரேக்குப் போனான். அங்கேயே நெரேய்தாவைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒரு கேஸ் கம்பெனியில் சேர்ந்து, வீடு வீடாகப் போய்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவந்தான். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவன் வாயில் நெல்மி அக்கா கடையைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஞாயிறு காலையில் மட்டும் அவள் விற்கும் கொச்சினீத்தா. சிவப்பு விதை விழுதும் புளிப்பு நாரத்தைச் சாறும் தடவி, வாழையிலையில் சுற்றி, ராத்திரி முழுக்கக் குழியடுப்பில் வேகவிட்ட பன்றிக்கறி. மொன்டெர்ரேயில் எதை வைத்தாலும் தட்டை நகர்த்திவிட்டு அந்தக் கறியைப் பற்றிப் பேசுவான். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன நெரேய்தா கடைசியில் தானே விமான டிக்கெட் எடுத்துவிட்டாள்.

பக்கத்துப் பத்திரிகைக் கடைக்காரர் விவரம் சொன்னார். நெல்மிக்கு முழங்கால் போய்விட்டதாம். ஈஸ்டர் முடிந்ததும் காம்பேச்சேயில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டாளாம். குழியடுப்பை சிமென்ட் போட்டு மூடியாயிற்று. சந்தைக்குள் இன்னும் இரண்டு மூன்று பேர் நன்றாகவே போடுகிறார்கள், போய்ப் பாருங்கள் என்றார்.

வில்பெர்த் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ லேசாகிவிட்டது. ஏன் என்று அவனுக்குத் தெரியும். நினைத்துப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

எதிரே பூங்காவில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி வளைத்துக் கட்டிய வெள்ளை சிமென்ட் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தார்கள்.

— நீ அழுதுடுவேன்னு நினைச்சேன்.

— வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. இவ்வளவு தூரம் வந்து...

— உன் மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலையே, கெழவா. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாதிரி இருக்கு.

வடக்கே பெண்டாட்டிகள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவனுக்கு நாற்பதுகூட ஆகாவிட்டாலும்.

— என்ன பேச்சு இது. எனக்குள்ள என்ன ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?

— தெரியலைன்னுதானே கேக்குறேன்.

— பசிக்கலை. ஓட்டலுக்கே போயிடலாம்.

— நல்லாருக்கு. நேத்து தலைநகர்ல விமானம் மாறும்போது கேசடியா கேட்டேன். உள்ள சீஸே இல்லாம மடிச்சுக் குடுத்தான். ஏன்டான்னா, 'சீஸ் வேணும்னு நீங்க சொல்லலையே'ங்கிறான்.

— அவங்க ஊர்ல அப்படித்தான்.

— கேசோன்னா சீஸ்தானே, பேர்லயே இருக்கு, நான் வேற தனியாச் சொல்லணுமா? நேத்துலேருந்து அதோட நிக்கிறேன் நான். பூசணிப்பூ வெச்ச வெறும் ரொட்டி. இங்கயும் பட்டினி கிடக்க மாட்டேன்.

— உங்க ஊர்ல எதைக் கேட்டாலும் மாடு. காலையில காஞ்ச மாட்டுக்கறியும் முட்டையும். மத்தியானம் சுட்ட மாட்டுக்கறி. அதைச் சுத்திக்க மைதா ரொட்டி. சோளம்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு உங்களுக்கு.

— ஆரம்பிச்சாச்சா? இரு, வர்றேன்.

அவள் எழுந்து சந்தைக்குள் போனாள். சந்தையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் இதே இடத்தில் நின்றால் அந்தப் புகையே ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இப்போது அவன் கண் மட்டும் எரிந்தது.

திரும்பி வந்தவள் காகிதத் தட்டை இருவருக்கும் நடுவே வைத்தாள். சோள ரொட்டி, சிவப்புக் கறி, மேலே ஊதா நிற வெங்காய ஊறுகாய்.

— சாப்பிடு.

— இது நெல்மி அக்கா கை இல்லை.

— இன்னும் வாயிலயே வைக்கலையே.

அவன் ஒரு வாய் கடித்தான். உப்பு தெரிந்தது. புளிப்பு தெரிந்தது. மிளகாய் நாக்கைச் சுட்டது. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஈரத்துணியை மென்ற மாதிரி இருந்தது.

— விழுது கம்மி. வாழையிலை வாசமே ஏறலை. அடுப்பு விறகா இருக்காது...

— வில்பெர்த். என்னைப் பார்த்துச் சொல்லு.

— என்னத்தைச் சொல்ல?

— நான் ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் கொண்டுவந்தேன். எனக்கு இந்த ஊர்ச் சாப்பாடு பழக்கமில்லை. ஆனா அந்த வாழையிலை வாசம் இன்னும் என் கையில இருக்கு. கழுவினாக்கூடப் போகலை.

— உனக்கென்ன தெரியும்...

— எனக்கு என்ன தெரியும்னு நான் சொல்றேன், கேட்டுக்க. எங்க வீட்ல பழுப்பு பீன்ஸ்தான். உனக்காகக் கறுப்பு பீன்ஸ் வேகவெச்சு, கடைஞ்சு, வடிகட்டக் கத்துக்கிட்டேன். உன் தங்கச்சிகிட்டச் சொல்லி விழுது வரவழைச்சேன். நாரத்தைச் செடியைத் தொட்டியில வெச்சு, எங்க ஊர் வெயில்ல அது கருகாம இருக்க என் துப்பட்டியைக் கட்டி நிழல் பண்ணேன். நீ ஒரு வாய் வெச்சுட்டு, 'வடக்கத்திக் கை, வராது'ன்னு தட்டைத் தள்ளினே. எங்கம்மா முன்னாடியே தள்ளினே.

அவன் காகிதத் தட்டின் ஓரத்தை விரலால் நிமிண்டினான்.

— ராத்திரி பாத்திரம் கழுவும்போது என் கையையே பார்த்துக்கிட்டு நிப்பேன். அப்படி என்னதான் குறைன்னு.

— உன் கையில ஒண்ணும் குறையில்லை.

— அப்புறம்?

— போன வருஷம் மழைக்காலத்துல காய்ச்சல்ல கிடந்தேன்ல... எழுந்ததுலேருந்து வாசனை வரலை நெரேய்தா. எதுவுமே வரலை. காப்பி இல்லை, சோப்பு இல்லை, உன் தலைமுடி வாசம்கூட இல்லை. எது தின்னாலும் வெறும் சக்கை.

— அந்தக் காய்ச்சல்லேருந்தா?

— முதல்ல ரெண்டு வாரத்துல சரியாயிடும்னு நினைச்சேன். அப்புறம், ஊர்ச் சாப்பாடு இல்லாததாலதான் இப்படின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நெல்மி அக்கா கையால ஒரு வாய் சாப்பிட்டா வந்துடும்னு. பாதி நம்பினேன். அதனாலதான் வரவே பயந்தேன். அங்கயும் வரலைன்னா, குறை சொல்ல அதுக்கப்புறம் எனக்கு வேற ஊரே கிடையாது.

— கடை மூடிட்டாங்கன்னதும் மூஞ்சி தெளிஞ்சது அதுக்குத்தானா.

— ஆமா.

பூங்காவில் யாரோ ஒரு குழந்தையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நெரேய்தா தட்டில் இருந்த வெங்காயத்தை ரொட்டியின் மேல் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

— என்கிட்ட ஏன் சொல்லலை?

— உன்கிட்டச் சொன்னா டாக்டர்கிட்டப் போகச் சொல்வே. டாக்டர் சீட்டு எழுதினா கம்பெனிக்குத் தெரிஞ்சுடும். நான் மூக்கை வெச்சுப் பிழைக்கிறவன். மூக்கு போனவனுக்கு அங்க என்ன வேலை?

— இவ்வளவு நாளா எப்படிப் பார்த்தே?

— கருவி இருக்கு, குழாயில தடவிப் பார்க்கச் சோப்புத் தண்ணி இருக்கு. ஆனா கதவைத் திறந்ததுமே மூக்குதான் முதல்ல சொல்லும், எங்க போய்ப் பார்க்கணும்னு. மே மாசம் ஒரு வீட்டுக்குப் போனோம். அடுப்புப் பக்கம் எல்லாம் பார்த்துட்டு, சுத்தமா இருக்குன்னு எழுதப் போயிட்டேன். கூட வந்த ரெயேஸ் வாசல்லயே நின்னுட்டான். 'அண்ணே, உள்ள அறையிலேருந்து வருது'ன்னான். போய்ப் பார்த்தா, கட்டிலுக்குப் பின்னால பழைய குழாய் ஒண்ணு விரிசல் விட்டிருக்கு. அந்தக் கட்டில்ல ரெண்டு குழந்தைங்க தூங்கிட்டிருந்தாங்க.

— கடவுளே.

— அன்னைக்கு நான் தனியாப் போயிருந்தா, சுத்தம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்திருப்பேன். அதுலேருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. நீ பக்கத்துல படுத்திருப்பே. எழுப்பிச் சொல்லிடலாம்னு நினைப்பேன்... விடிஞ்சதும் தட்டைத் தள்ளிட்டுச் சண்டை போட்டுட்டுப் போயிடுவேன். சண்டை போடுறது சுலபமா இருந்துச்சு.

— இப்ப ஏன் சொல்றே?

— உன் கையைப் பத்திச் சொன்னியே. அது எனக்குத் தெரியாது. நீ என்மேல கோவமா இருக்கேன்னுதான் நினைச்சேன். உன்மேலயே நீ...

வளைந்த இருக்கையின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்து மூக்கருகே வைத்துக்கொண்டான். வெறும் சூடு மட்டும் தெரிந்தது. இருந்தும் விடவில்லை.

— ஊர் திரும்பினதும் போய் மேலாளர்கிட்ட நானே சொல்லிடுறேன். வேலை போனாப் போகட்டும். என்ன சொல்றே?

— சொல்லு. நீயாச் சொன்னாத்தான் அவருக்கும் நல்லாருக்கும்.

— அவருக்கும்னா?

— ஆறிப்போகுது, சாப்பிடு. மிளகாயாவது உறைக்குதுல்ல?

— நெரேய்தா. அவருக்கும்னா என்ன அர்த்தம்?

— தவக்காலத்துல ஒருநாள் அடுப்புல பீன்ஸை வெச்சுட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தா தெருமுனை வரைக்கும் கருகல் நாத்தம். உள்ள வந்து பார்த்தா, வீடெல்லாம் புகையா இருக்கு, நீ சமையக்கட்டுல உக்காந்து பத்திரிகை படிச்சிட்டிருக்கே. கண்ணைக் கசக்கிக்கிட்டு, வெளியில யாரோ குப்பை கொளுத்துறாங்கன்னு சொன்னே. அன்னைக்குத்தான் என் கைமேல குத்தமில்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது. நீயாச் சொல்றவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா நீ போற வீட்டுல எல்லாம் ஆளுங்க இருக்காங்களே. மறுநாளே உங்க மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அதுவரைக்கும் நீ தனியாத்தானே போயிட்டிருந்தே, வில்பெர்த்? ரெயேஸ் எந்த வாரத்துலேருந்து உன்கூட வர ஆரம்பிச்சான்னு யோசிச்சுப் பாரு.