ஓரம் வெட்டாத தர்க்க நூல்

கை தட்டினது போதும்யா... ஒரு குட்டிக் கதை நாக்கு நுனியில வந்து நிக்குது, அதைச் சொல்லிடறேன். கேளுங்க.

செங்காட்டூர்னு ஒரு ஊரு. அங்கே ஒரு ஜமீன் பங்களா. பங்களாவுல லைப்ரரி, லைப்ரரியில கண்ணாடி பீரோ, பீரோவுக்குள்ள ஒரே ஒரு புத்தகம். என்ன புத்தகம்? தர்க்க நூல்! எதையும் யோசிச்சுப் பேசணும்னு சொல்லித் தர்ற பாடப் புத்தகம். பாட்டனார் காலத்துல சீமையிலேருந்து கப்பல்ல வந்த இங்கிலீஷ் புத்தகம். அதுக்குச் சந்தனம் என்ன, குங்குமம் என்ன... வீட்டுல எந்த வழக்கு வந்தாலும் பெரியவர் அம்பலவாணர் அது மேல கை வெச்சுத்தான் தீர்ப்பு சொல்லுவாரு. சொன்னா சொன்னதுதான்.

அந்த வீட்டு மருமக தில்லைநாயகிக்குக் காலேஜ்ல வாத்தியார் வேலை கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும், இல்லேன்னா வேலை போயிரும். பாவம், எத்தனை வருஷக் கனவு! மாமனார் புத்தகத்து மேல கை வெச்சாரு. தொண்டையைச் செருமினாரு.

"இந்த வீட்டுப் பொம்பளைங்க யாரும் வேலைக்குப் போனதில்லை. நீ இந்த வீட்டுப் பொம்பளை. அதனால... நீ போகப்போறதில்லை."

எப்படி இருக்கு தர்க்கம்? சுத்தி நின்ன சொந்தக்காரங்க எல்லாம் ஆகா ஆகான்னு தலையாட்டுறாங்க. அந்தப் பொண்ணு கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி...

"மாமா, அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

இதோ காட்டுறேன்னு பெரியவர் வீறாப்பாப் பிரிச்சாரு. பிரிய மாட்டேங்குது! அந்தக் காலத்துல தாளை மடிச்சுத் தைச்சு, மடிப்பு ஓரத்தை வெட்டாமலே அனுப்புவாங்க. வாங்கினவங்கதான் கத்தியால வெட்டிப் படிக்கணும். ஒரு தாள்... ஒரே ஒரு தாள்கூட வெட்டலைய்யா! மூணு தலைமுறையாக் கும்பிட்டிருக்காங்க, ஒருத்தரும் படிக்கலை.

ஆனா பெரியவர் பெரிய மனுஷன். கத்தி கேட்டு வாங்கி, தானே முதல் தாளை வெட்டி, படிச்சுச் சொல்லும்மான்னு மருமக கையில குடுத்தாரு. அவ இங்கிலீஷைப் படிச்சுத் தமிழ்ல சொன்னா: இதுவரைக்கும் நடக்கலைங்கிறதுக்காக இனிமே நடக்காதுன்னு முடிவு கட்டாதே.

பெரியவர் சிரிச்சுட்டாரு. "நம்ம புத்தகமே நமக்கு எதிர்சாட்சி சொல்லுதே... போயிட்டு வா தாயி."

அம்மா, ஐயா, உங்களைத்தான் கேக்கறேன். நம்ம வீட்டுல எத்தனை புத்தகத்துக்குப் பொட்டு வெச்சிருக்கோம்? எதைப் படிச்சோம்? கும்பிடறது தப்புன்னு சொல்ல வரலை. படிக்காமக் கும்பிட்டா, நம்ம இஷ்டத்தையெல்லாம் புத்தகத்துத் தலையில கட்டிருவோம். அதனால, உங்க வீட்டுப் பொண்ணு எங்கே போட்டிருக்குன்னு கேட்டா, அதட்டாதீங்க. பக்கத்துல உக்காந்து, அவளோட சேர்ந்து படிங்க.