பின்கதவுப் படம்

– ஐயையோ, அந்தப் பின்மூடியைத் திறக்காதீங்க. தொடாதீங்கன்னா தொடாதீங்க.

– ஏன், பூதமா வரும்?

– வெளிச்சம் உள்ள போனா ஃபிலிம் அத்தனையும் பாழுங்க.

– எந்த ஃபிலிம்? ஃபிலிம் டப்பா இதோ மேசை மேல கிடக்கு. உள்ள வெறுங்கூடு.

– ஓ... ஆமால்ல. சூடு கண்ட பூனை நான். போன ரோல் அப்படித்தான் போச்சு.

– போன ரோல் வேற ஒண்ணு இருந்துச்சா?

– ஓடுதா இல்லையான்னு ஒரு சந்தேகம். லேசாத் திறந்து பார்த்தேன். ஒரு விரக்கடைதான்.

– சோறு வெந்துச்சான்னு பார்க்கிற மாதிரி.

– சிரிங்க, நல்லா சிரிங்க. ஸ்டூடியோக்காரனும் இதையேதான் கேட்டான். "ஏம்மா, குக்கர்னு நினைச்சீங்களா?" கடையில நாலு பேர் நிக்கிறாங்க, எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. விக்கிறப்போ சொன்னானா இதை? "பட்டனை அமுக்குங்க, மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்"னு பழைய கேமராவைத் தலையில கட்டிட்டான். கடைசியில கரேல்னு ஒரு சுருளைக் கையில குடுத்து, "ஒண்ணும் விழலம்மா"ங்கிறான்.

– சரி, கோபத்தை அவன் மேல காட்டு, கேமரா மேல காட்டாதே. உடைஞ்சிடப் போகுது. இங்க குடு. இந்தக் குழியில டப்பாவா?

– ஆமா. இப்போ அந்த நாக்கை இழுங்க.

– நாக்கா?

– ஃபிலிம் முனை நீட்டிட்டு இருக்குல்ல, அதான். அந்தச் சிவப்புக் கோடு வரைக்கும்... ரொம்ப இழுக்காதீங்க. கோட்டைத் தாண்டினா வளைஞ்சு நிக்கும், சக்கரம் பிடிக்காது.

– ஓட்டையெல்லாம் இந்தப் பல்லு மேல உக்காரணும் போல.

– உக்காந்துச்சா?

– உக்காந்துச்சு. மூடட்டுமா?

– மூடுங்க... அப்பாடா. ஓடுது. பாருங்க, மேல ஒண்ணுன்னு காட்டுது. முதல் தடவை இந்த நம்பரைப் பார்க்கணும்னே தெரியல, பன்னிரண்டு படம் எடுத்தப்புறமும் ஓடுச்சா இல்லையான்னு பயம். அந்த பயத்துலதான் அப்புறம் திறந்தது.

– நல்லா உய்ங்குதே.

– ஒவ்வொரு படத்துக்கும் உய்ங்கும். அதுதான் எனக்கு...

– மெஷின் சத்தத்துல எவனுக்குக் கேக்கப் போகுது?

– எந்த மெஷின்?

– ...மிக்ஸி. உன் தம்பி பொண்ணு பிறந்தநாளுக்குன்னுதானே சொன்னே? விசேஷ வீடுன்னா மிக்ஸி ஓடாதா?

– ஓடும்... ஓடும். சரி, இந்த மின்னல் குறி போட்ட பட்டன் இருக்கே, ஃபிளாஷ் வராம இருக்க இதைத்தானே அமுக்கணும்?

– பிறந்தநாளுக்கு ஃபிளாஷ் வேணாமா?

– குழந்தைக்குக் கண்ணு கூசும்.

– குழந்தைக்கா?

– ஆமா. ஏன் இப்படிப் பார்க்கிறீங்க?

– உன் தம்பி பொண்ணுக்குப் பிறந்தநாள் போன மாசமே முடிஞ்சிடுச்சு. நான்தான் பலூன் ஊதி ஊதி வாய் கோணி நின்னேன்.

– காபி போடட்டுமா?

– காபி வேணாம். சொல்லு.

– சொன்னா குதிப்பீங்க.

– குதிக்கல. உக்காந்துதான் இருக்கேன்.

– கதவைப் படம் எடுக்கத்தான். கம்பெனி தையல் ஹால்ல, எங்க வரிசைக்குப் பின்னாடி இருக்கிற அவசரக் கதவை. கதவை இல்ல, அதுல தொங்குற பூட்டை.

– மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல ஆள் இருக்கு.

– கேக்கட்டுமே. போனை கேட்லயே பிடுங்கி வச்சுக்கிறீங்க. தொழிலாளர் ஆபீஸ்ல போய்ச் சொன்னா, "படம் இருக்காம்மா?"ன்னு கேக்குறாங்க. படத்துக்கு நான் எங்க போவேன்? கையால வரைஞ்சு குடுக்கவா? ஆபீசர் வர்றார்னா கம்பெனிக்கு முன்னாடியே சேதி வந்துடுது. அன்னிக்கு மட்டும் பூட்டைக் கழட்டி, கீலுக்கு எண்ணெய் விட்டு, கதவு பக்கத்துல பூந்தொட்டி வேற. அவர் வண்டி தெருமுனை திரும்புறதுக்குள்ள மறுபடி பூட்டு. கழட்டுறதும் மாட்டுறதும் யாரு? உங்க வாயால சொல்லுங்க.

– நான்தான்.

– சாவிக்கொத்து யார் இடுப்புல?

– வாட்ச்மேன் இடுப்புல சாவி இல்லாம சங்கிலியா தொங்கும்? மேனேஜர் பூட்டுங்கிறார், பூட்டுறேன். மாட்டேன்னா நாளைக்கே வேற ஆள் வந்து பூட்டுவான்.

– எதுக்குப் பூட்டுறாங்க? துணி திருடுவோமாம். எங்க கை தைக்கிற துணியை நாங்களே திருடிட்டுப் பின்கதவு வழியா ஓடிடுவோமாம். அத்தனை பொம்பளைங்களையும் உள்ள வச்சுப் பூட்டிட்டு, வாசல்ல "பாதுகாப்பே முதல்"னு போர்டு. தினம் அந்தப் போர்டுக்குக் கீழ நின்னுதானே சல்யூட் அடிக்கிறீங்க?

– சோத்துக்கு அடிக்கிறேன்.

– நானும் சோத்துக்குத்தான் போறேன். அதுக்காகப் புகையில வேகணுமா? அயர்ன் பக்கம் ஒயர் கருகின அன்னிக்கு, அந்தக் கதவை இந்த ரெண்டு கையாலயும் இடிச்சேன். எனக்குப் பின்னாடி அத்தனை பேர் நெருக்குறாங்க. கட்டிங் டேபிள் பொண்ணு, வயித்துப் பிள்ளைக்காரி, என் காலடியிலதான் விழுந்தா. அவளைத் தூக்கக் குனிய முடியல என்னால. அப்போ நீங்க என்ன பண்ணீங்க? மேனேஜரைத் தேடிப் போய் அனுமதி கேட்டுட்டு, அப்புறம் ஆடி அசைஞ்சு...

– கேக்கல.

– என்ன?

– நான் யார்கிட்டயும் கேக்கல. புகையைப் பார்த்ததும் ஓடி வந்துட்டேன். கொத்துல எது அந்தச் சாவின்னு தெரியல. தினம் போடுற சாவிதான்... தெரியல. ஒவ்வொண்ணா விட்டு விட்டுப் பார்த்தேன். உள்ள நீ இடிக்கிற சத்தம் கேட்டுச்சு.

– நான்னு எப்படித் தெரியும்?

– வளையல் சத்தம்.

– ...இதை ஏன் அன்னிக்கே சொல்லல?

– என்னன்னு சொல்றது? உன் வளையல் சத்தம் கேட்டும் சாவி நுழையலன்னா?

– அழாதீங்க. அழுதா எனக்குத் திட்ட வராது.

– அழல.

– அதுக்கப்புறமும் பூட்டுனீங்களே... அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியல. அந்தப் பொண்ணு இன்னும் ஆஸ்பத்திரியில படுத்திருக்கா, அன்னிக்கு சாயங்காலமே பூட்டு. எனக்கு உங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடக்கூடப் பிடிக்கல.

– தெரியும். தட்டை அடுப்படிக்கு எடுத்துட்டுப் போயிடுவே.

– நாளைக்குக் கேமராவை எடுத்துட்டுப் போறேன். தடுத்தீங்கன்னா பாருங்க. மேனேஜர் கிட்ட வேணா சொல்லிக்கோங்க. புருஷன்னும் பார்க்க மாட்டேன், உங்க பேரையும் சேர்த்தே எழுதிக் குடுப்பேன்.

– ஃபிளாஷை அணைச்சிடாதே.

– என்னது?

– அந்த மூலையில ட்யூப் லைட் செத்துப் பல நாளாச்சு. ஃபிளாஷ் இல்லன்னா பூட்டும் இருட்டு, கதவும் இருட்டு. இன்னொரு வெத்துச் சுருளைத்தான் வாங்கிட்டு வருவே.

– ஃபிளாஷ் அடிச்சா ஹாலே திரும்பிப் பார்க்கும். சூப்பர்வைசர் பார்ப்பான்.

– பார்க்கட்டும்.

– பார்க்கட்டுமா? கேட்டைத் தாண்டுறதுக்குள்ளயே மாட்டிக்கிட்டா? போன தடவை ஏதோ என் நல்ல நேரம். பையில நீங்க சும்மா கையை விட்டுட்டு அனுப்பிட்டீங்க. மேனேஜர் வேற உங்க பின்னாடியே நிக்கிறார், எனக்கு உயிரே இல்ல.

– நல்ல நேரமெல்லாம் இல்லடி. கையை விட்டப்போ சோத்து டப்பாவுக்குக் கீழ இது பட்டுச்சு. எதுக்குன்னு உடனே புரிஞ்சுது. "என்னய்யா கனமா இருக்கு?"ன்னு அவர் கேட்டார், "சாப்பாடு சார்"னு நான்தான் சொன்னேன். நீ வந்து சொல்லுவேன்னு இத்தனை நாளா பார்த்துட்டு இருக்கேன், நீ பிறந்தநாள் கதை விடுறே. நாளைக்கும் நான்தான் கேட்ல. ஒண்ணு மட்டும் கேளு, வெறும் பூட்டை எடுத்தா எந்தக் கதவோன்னு கையைக் கழுவிடுவாங்க. சாப்பாட்டு மணி அடிச்சதும் நான் உள்ள வந்து அந்தக் கதவுல முதுகை வச்சு நிக்கிறேன். சட்டையில கம்பெனி பேர் இருக்கு. பூட்டோட என் மூஞ்சியும் சேர்ந்து விழுற மாதிரி எடு.