பிரசவ வார்டின் பித்தளை மணி

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் ஐயா அவர்களே, என்னோடு பணிபுரியும் மருத்துவர்களே, சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, அரைமணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வாசலோரம் நிற்கும் ஆயாக்களே, துப்புரவுப் பணியாளர்களே, முதல் வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் பெரியக்காவின் கணவர், எங்கள் தையற்கார அண்ணனே, பெரியக்காவின் கையில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லாரையும் வணங்குகிறேன்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக நான் வாயைத் திறந்தாலே, "டாக்டர், கொஞ்சம் இருங்க" என்று தடுக்க ஓர் ஆள் இருந்தார். இன்று தடுக்க ஆளில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

பெரியக்கா! முப்பத்தொரு ஆண்டுகள் இந்தப் பிரசவ வார்டின் பெரியக்கா! பதவியைச் சொன்னால் தலைமைச் செவிலியர். ஆனால் அவரை அப்படிக் கூப்பிட்டவர்கள் உண்டா? தலைவர் ஐயாவும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார். அவரைவிடப் பத்து வயது மூத்த ஆயாவும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார். போன செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. "ஓய்வு கிடைச்சதும் ரெண்டு நாள் முழுசாத் தூங்கணும் டாக்டர்" என்பார். இப்படியா அக்கா தூங்குவது?

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொன்னார்கள். பெரியக்கா சுகப்பிரசவத்தின் காவல் தெய்வம், கத்தியைக் கிட்டே நெருங்கவிடாதவர் என்றார்கள். சொன்னவர்கள் அன்பினால் சொன்னார்கள். ஆனால் இருபத்து மூன்று ஆண்டுகள் அந்தக் கத்தியைக் கையில் வைத்திருந்தவன் நான். அது பாதி உண்மை என்று நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

முதலில் உண்மையான பாதியைச் சொல்கிறேன். நான் இங்கே சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை. காய்கறிக் கடைக்காரரின் மனைவிக்குத் தலைப்பிரசவம். காலையிலிருந்து வலி, கருப்பை வாய் திறப்பது மெதுவாக இருந்தது. சாயங்காலம் ஐந்து மணி ரயிலில் என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு நான் போக வேண்டும். மதியம் இரண்டு மணிக்குச் சிசேரியன் என்று எழுதிவிட்டேன். பெரியக்கா தாளைப் பார்த்தார். மேசைக்கடியில் கட்டி வைத்திருந்த என் பெட்டியைப் பார்த்தார்.

"அவசரம் குழந்தைக்கா டாக்டர், இல்ல ரயிலுக்கா?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "இங்க டாக்டர் நானா நீங்களா?" என்று கத்தினேன்.

"நீங்கதான். அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கு. பனிக்குடத் தண்ணி தெளிவா இருக்கு. அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் இல்ல, பயம் மட்டும்தான் இருக்கு. பயத்துக்கு எதுக்குக் கத்தி?"

பெரியக்கா அந்தப் பெண்ணை எழுப்பி நிற்க வைத்தார். தோளில் சாய்த்துக்கொண்டு வராந்தாவில் நடக்க வைத்தார். ஒவ்வொரு வலிக்கும் சன்னல் கம்பியைப் பிடிக்கச் சொல்லி இடுப்பைத் தேய்த்துவிட்டார். "பதறாத காரியம் சிதறாது டாக்டர்" என்று நடுவில் எனக்கும் ஒரு ஊசி போட்டார். ஆறு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ. ரயில் போய்விட்டது. இன்றைக்கும் என் சித்தப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இப்போது மறு பாதி. அதற்கு அடுத்த மாதம் நான் சாப்பிட்டுக் கை கழுவப் போகிறேன், குழாயடிக்கே வந்து நின்றார். "டாக்டர், கையை அங்க கழுவாதீங்க, ஆபரேஷன் தியேட்டர்ல கழுவுங்க. ஏழாம் நம்பர் கட்டிலுக்கு ரத்தம் நிக்கல." வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நான் அவருக்குத் தத்துவம் பேசுவது வழக்கம். அன்று அணையைப் போட்டவர் அவர். நான் கையுறை மாட்டுவதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது, தள்ளிக்கொண்டு வந்தவரும் அவரே. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. கத்தியை வெறுத்தவரா அவர்? கத்தியை எப்போது கூப்பிட வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். நான் தைத்து முடித்ததும் எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுக்காரர் இதைவிட நேராத் தைப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணே, இத்தனை வருடங்களும் உங்களோடு ஒப்பிட்டே என் மானத்தை வாங்கினார்!

சிரித்துவிட்டோம். பெரியக்கா கூட்டத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. இனி நான் சொல்லப்போவது சிரிப்பதற்கு இல்லை.

இதோ, இந்த மேசை மேல் ஒரு பித்தளை மணி இருக்கிறது. பழைய சாமான் அறையிலிருந்து தேடி எடுத்து, துலக்கி, பூ வைத்திருக்கிறார்கள். பழைய ஊழியர்களுக்கு இதைத் தெரியும். வார்டு வாசலில் தொங்கியது. கத்தி படாமல் குழந்தை பிறந்தால் பெரியக்கா வந்து மூன்று முறை அடிப்பார். வராந்தாவில் காத்திருப்பவர்கள் கைதட்டுவார்கள். போகப்போக, ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால், "மணி அடிச்சாங்களா?" என்று கேட்கும் வழக்கம் வந்தது. போனில் மாமியார்கள் கேட்டார்கள், நாத்தனார்கள் கேட்டார்கள். சிசேரியன் ஆன பெண்ணை அதே வாசல் வழியாகத்தான் தள்ளிக்கொண்டு வருவோம். அப்போது மணி சும்மா தொங்கும். அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே போவாள். அவள் பார்த்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு புதன்கிழமை. ஒரு பள்ளி ஆசிரியைக்குத் தலைப்பிரசவம். அன்று காலையிலிருந்து மணி நான்கு முறை அடித்திருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவருக்குப் பனிக்குடம் உடைந்தது, குழந்தைக்கு ஆபத்து என்று சொல்லும் பச்சை நிறத்தில் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு வலிக்குப் பிறகும் குழந்தையின் துடிப்பு தொண்ணூறுக்கு இறங்கி, ஏறுவதற்குத் திணறியது. முதலில் கவனித்தவர் பெரியக்கா. நான் ஓடி வந்து பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் "தியேட்டர்" என்றோம். எத்தனையோ வருடச் சண்டையில் அன்றுதான் எங்கள் வாயில் ஒரே சொல் வந்தது.

அந்தப் பெண் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் குடுங்கக்கா. என்னால முடியும். எனக்கும் மணி அடிக்கணும்."

"மணி எங்க போயிடப் போகுது? உனக்குப் பத்துத் தடவை அடிக்கிறேன். என் கண்ணுல்ல, கையெழுத்துப் போடும்மா!"

"பொய் மணி எனக்கு வேணாம்க்கா."

கெஞ்சினார் பெரியக்கா. கையைப் பிடித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கணவரை வரவழைத்துப் பேச வைத்தார். நாற்பது நிமிடம்! நாற்பதாவது நிமிடத்தில் கையெழுத்து விழுந்தது. ஆண் குழந்தை. இரண்டு நாள் இருந்தான்.

அந்தத் தாயை யாரும் குறை சொல்லாதீர்கள். அவர் படித்தவர்தான், விவரம் தெரிந்தவர்தான். நாங்கள் வாசலில் ஒரு மணியைத் தொங்கவிட்டு, இதுதான் வெற்றி என்று அவர் காதில் காலையிலிருந்து நான்கு முறை சொல்லியிருந்தோம். வலியில் கிடக்கும் ஒருத்தி வேறு எதை நம்புவாள்?

குழந்தை போன அன்று எலக்ட்ரீஷியனிடம் திருப்புளி வாங்கி, நாற்காலி மேல் ஏறி, பெரியக்காவே இந்த மணியைக் கழற்றினார். பிறகு விசாரணை வந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இந்த மணியை மாட்டியது யார்?" என்று கேட்டார்கள். "வார்டுக்குப் பொறுப்பு நான். அங்க தொங்குன மணிக்கும் நான்தான்" என்றார். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு நின்றது. மணியடித்தே பிள்ளையைக் கொன்றவள் என்று தெருவில் பேசினார்கள். கடைக்குப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தையற்கார அண்ணனுக்கு அது தெரியும்.

மாட்டியது யார் தெரியுமா?

நான்!

அந்தக் காய்கறிக் கடைக்காரர் மனைவியின் பிரசவத்துக்குப் பிறகு, திங்கட்கிழமை காலை, பழைய பொருள் கடையில் இதை வாங்கிவந்து, நானே திருகாணி போட்டு மாட்டினேன். "ஜெயிச்சது நீங்க, அடிங்க" என்றேன். "இது என்ன டாக்டர், பள்ளிக்கூடம் விட்டாச்சுன்னு அடிக்கணுமா?" என்று சிரித்தார். விளையாட்டாக ஆரம்பித்தேன். எனக்கும் அவருக்கும் நடந்த போட்டிக்கு மணி கட்டினேன். அந்தப் போட்டியில் தாய்மார்கள் எப்போது இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

விசாரணை அறையில் பெரியக்கா அப்படிச் சொன்னபோது அடுத்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பயம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயம்தான். வெளியே வந்து, "ஏன்க்கா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"உங்க மேல நம்பிக்கை போனா, நாளைக்கு வர்றவ உங்க கத்திக்குக் கையெழுத்துப் போட மாட்டா. என் மேல கோபம் வந்தா வந்துட்டுப் போகுது. போய்க் கையைக் கழுவுங்க, உள்ள ஆள் இருக்கு."

அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள், சிசேரியன் ஆன ஒவ்வொரு பெண்ணிடமும், அவள் முதல்முறை எழுந்து நிற்கும்போது பெரியக்கா போய் நின்றார். தன் விடுமுறை நாளிலும் வந்து நின்றார். ஒருத்தி சொன்னாள், "எனக்கு எங்கே பிரசவம் ஆச்சுக்கா, ஆபரேஷன்தான் ஆச்சு." பெரியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அடியே, வயித்தையே அறுத்துக் குடுத்திருக்க! இதுக்கு மேல என்ன குடுக்கணும்ங்கிற?" அந்தப் பெண் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

மருத்துவமனைத் தலைவர் ஐயா என்னை மன்னிக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே, மணியடித்து மீண்டும் தொடங்கி வைப்பார் என்று போட்டிருக்கிறது. வார்டு வாசலில் இதை மறுபடி மாட்டி, அதற்குச் சுகப்பிரசவக் கூடம் என்று பெயர் வைப்பதாகத் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். நல்ல மனதோடு செய்திருக்கிறார்கள். அந்த மணி ஏன் இறங்கியது என்று, பிறகு பொறுப்புக்கு வந்த அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான். நான் இதை அடிக்க மாட்டேன் ஐயா. மணியை மாட்டியது நான் என்று எழுதி, அந்தப் பழைய விசாரணைக் கோப்பில் சேர்க்கும்படி இன்று காலை உங்கள் மேசையில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். என்ன நடவடிக்கை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்பது ஆண்டுகள் தாமதமாகத்தான் வைத்திருக்கிறேன். அவர் இருக்கும்போது வைத்திருக்க வேண்டாமா? அவர் இந்தத் தெருவில் நிமிர்ந்து நடந்திருப்பாரே! அண்ணே, உங்கள் காலில் விழ வேண்டியவன் நான்.

அந்தத் தாயிடம் நேற்று அனுமதி கேட்டேன். "பேரு ஊரு வேணாம் டாக்டர். மத்ததைச் சொல்லுங்க. அக்கா மேல பழி இருக்க வேணாம்" என்றார்.

அன்பர்களே! பெரியக்காவின் வேலையை நாம் எப்படித் தொடரப் போகிறோம்? சிசேரியன் என்று எழுதுவதற்கு முன்னால் அவசரம் யாருக்கு என்று ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டுக்கொள்வேன். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள், சின்னச் செவிலியரும் கேட்கலாம், நான் கத்தினாலும் கேளுங்கள். காத்திருக்க முடிந்தால் காத்திருப்போம், கூடவே நடப்போம், இடுப்பைத் தேய்ப்போம். காத்திருக்க முடியாது என்றால் ஒரு நிமிடமும் வீணாக்க மாட்டோம். எப்படிப் பெற்றாலும் எந்தப் பெண்ணும் இந்த வார்டிலிருந்து தோற்றவளாக வெளியே போகக் கூடாது. இது நான் பெரியக்காவுக்குக் கொடுக்கும் வாக்கு. வார்டுக்குப் பெரியக்கா வார்டு என்று மட்டும் பெயர் வையுங்கள், போதும்.

இப்போது மௌன அஞ்சலி. எல்லாரும் எழுவதற்கு முன்னால், தாய்மார்கள் முதலில் எழுந்து நில்லுங்கள். அரைமணியில் பெற்றவர்கள், இரண்டு நாள் வலித்துப் பெற்றவர்கள், நான் அறுத்துப் பிள்ளை எடுத்த பெண்கள், எல்லாரும். நான் தைத்த தையல்தான், ஆனாலும் இங்கிருந்து பார்த்தால் யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

நான்காவது வரிசையில் பாதி எழுந்து தயங்கி நிற்கும் அம்மா, தயவுசெய்து உட்கார்ந்துவிடாதீர்கள். தாய்மார்கள் என்று நான் சொன்னது உங்களையும் சேர்த்துத்தான்.