கை கட்டி நில்லுங்கம்மா

என் மகள் செந்தாமரைக்குக் களியோடு வெல்லம் வேண்டும். குழம்பு ஊற்றினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். களியைச் சூடாக உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணி, அதில் தூள் வெல்லம் வைத்து மூடி வாயில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். அவளுக்கு இருபத்திரண்டு வயதாகும் வரை அப்படித்தான் கொடுத்தேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என் பேர் சாந்தம்மாள். காவலூருக்குப் பக்கத்துக் கொல்லைக் காட்டில் சாமையும் கேழ்வரகும் போடுகிறேன், வரப்பில் புளியமரம் இருக்கிறது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது செந்தாமரைக்கு நாலு வயது, இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தாள். மூளை வளர்ச்சி குறைவு என்றார்கள். வலிப்பு உண்டு, அதற்கு மாத்திரை உண்டு. ஊரில் அவளை லூசு என்று சொன்ன ஒருத்தரையும் நான் சும்மா விட்டதில்லை. அவள் மேல் கல்லெறிந்த பயலின் வீட்டு வாசலில் போய் நின்று, அவன் அப்பன் வெளியே வந்து மன்னிப்புக் கேட்கும்வரை நகராதவள் நான். விசாரித்துப் பாருங்கள். இந்த மலையில் என்னைப் போலப் பிள்ளை வளர்த்தவள் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

காவலூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு பகல் மையம் திறந்தார்கள். ரம்யா டீச்சர் வந்தார். நல்ல பெண்தான், அதை நான் மறுக்கவில்லை. அவர் கொண்டுவந்ததுதான் அந்த விருது. பிள்ளைகள் தங்கள் கையால் ஒவ்வொரு காரியமாகச் செய்து காட்ட வேண்டும். முதலில் வெண்கலம், அப்புறம் வெள்ளி, கடைசியில் தங்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதக்கம், ஒரு கைதட்டல். அதில் முதல் விதி பிள்ளைகளுக்கு இல்லை, பெற்றவர்களுக்கு.

“இன்னா ஆனாலும் கை நீட்டாதீங்கம்மா. தப்பு பண்ணட்டும், கீழ போடட்டும். நீங்க கை கட்டி நில்லுங்க” என்றார் டீச்சர்.

வெண்கலத்துக்குச் செந்தாமரை தலை பின்னினாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று பிடரியில். எல்லோரும் கைதட்டினார்கள். என் விரல்கள் அக்குளுக்குள் கிடந்து துடித்தன. வெள்ளிக்குச் சாமைச் சோறு ஆக்கி, வந்தவர்களுக்குப் பரிமாற வேண்டும். கஞ்சி வடிக்கும்போது கையில் ஆவி அடித்துவிட்டது. நான் கை கட்டி நின்றேன். சுட்டுக்கொண்டவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை மேடம். டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். பதக்கம் வாங்கியதும் அதை எனக்குத்தான் முதலில் காட்டினாள் என்று டீச்சர் உங்களிடம் சொல்லியிருப்பார். காட்டினாள்தான். ஆனால் அன்று பொழுது சாய்ந்து நான் களி உருட்டி நீட்டியபோது என் கையைத் தள்ளிவிட்டு, “நானே” என்றாள்.

அதற்கு முன் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அன்றிலிருந்து குளிக்க நானே, சட்டை போட நானே, மாத்திரை விழுங்க நானே. கடைசியில் தட்டில் பாதி, மடியில் பாதி. அந்தச் சொல்லை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததற்கு யார் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள்?

தங்கத்துக்குத் தனியாகப் பஸ் ஏற வேண்டும். ஆலங்காயம் போய், சொன்ன சாமான்களை வாங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற கூடத்தின் அந்த வெள்ளை உருண்டைக் கூரை மரங்களுக்கு மேலே தெரிந்ததும் எழுந்து நிற்க வேண்டும், அடுத்த புளியமரத்து ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதுகூடத் திடீரென்று எழுந்து நிற்பாள். கேட்டால், “உருண்ட வந்துச்சு” என்பாள்.

தங்கம் வாங்கினால் என்ன என்று கேட்டேன். வாணியம்பாடியில் ஒரு வீடு இருக்கிறதாம். இவளைப் போன்ற பெண்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, செருப்புக்கு அட்டைப்பெட்டி மடிக்கிற வேலைக்குப் போகிறார்களாம்.

“செந்தாமர கிட்ட கேட்டுட்டேன். போறேன்னு சொல்லுதும்மா” என்றார் டீச்சர். இதைச் சந்தோஷச் செய்தியாகச் சொன்னார்.

“நான் செத்ததுக்கப்புறம்னா சரி. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்ப எதுக்கு?”

“நீங்க இருக்கிறப்பவே பழகிக்கணும்மா. நீங்க போய்ட்டா பழகறதுக்குக் கூட யாரு நிப்பாங்க?”

நியாயமான பதில்தான். நியாயம் சொல்கிறவர்கள் யாரும் அவள் மலத்தை அள்ளியவர்கள் இல்லை.

முன்கூட்டியே திட்டம் போட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. தங்கப் பரீட்சைக்கு முந்தின நாள் பரணைக் கூட்டினேன், ஒரு ஜமுக்காளம் விரித்துவைத்தேன், அவ்வளவுதான். புளி உலுக்குகிற காலத்தில் மூட்டை வைக்க எல்லோரும் பரணைக் கூட்டுவார்கள்.

அன்றைக்கு டீச்சர் ஆலங்காயத்தில் மறைந்து நின்று, அவள் சாமான் வாங்குவதையும் பஸ் ஏறுவதையும் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். புளியமரத்திலிருந்து கொல்லைப் பாதையில் வீடு வரை நடப்பதும் பரீட்சையில் சேர்த்தி. அதனால் நான் ரோட்டுக்குப் போகக் கூடாது. வாசலில் கை கட்டி நின்றேன். வந்தாள். தோளில் பை, முகமெல்லாம் வேர்வை. ஓட்டமும் நடையுமாக வந்தாள். பையைக் கவிழ்த்துக் காட்டினாள். உப்பு, சோப்பு, தீப்பெட்டி, எல்லாம் சரி. சொல்லாத ஒன்றும் இருந்தது. ஓர் அச்சு வெல்லம். அவளாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிறகு தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தேன், வழக்கத்தைவிடக் கூடுதலாக. என் கையாலேயே கொடுத்தேன். சந்தோஷத்தில் நானே என்று சொல்ல மறந்துவிட்டாள். தூக்கம் வருமுன் ஏணியைக் காட்டினேன், ஏறினாள்.

டீச்சர் போன் செய்தார். “வந்துட்டாளாம்மா?”

“இன்னும் வரலியே டீச்சர். ரோட்டுக்குப் போய்ப் பாக்கட்டுமான்னா நீங்க வேணாம்னீங்களே. கை கட்டித்தான் நிக்கிறேன்.”

இதில் ஒரு சொல் பொய், மற்றது எல்லாம் உண்மை.

புளியமரத்தில் ஒழுங்காக இறக்கிவிட்டதாகக் கண்டக்டர் சொன்னார். ஆக, பாதையில்தான் தொலைந்தாள் என்று ஊரே முடிவு கட்டியது. கிணறுகளில் பாதாளக் கரண்டி போட்டார்கள். ஓடையைக் கலக்கினார்கள். உங்கள் நாய் நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. அவள் குடியிருந்த வீட்டுக்கு வராமல் நாய் வேறெங்கே போகும் என்று சொன்னது நீங்கள்தான் மேடம், நான் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டில் யார் பரண் ஏறிப் பார்ப்பார்கள்?

தேடுகிற வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள் எங்கள் பக்கத்தில். முறை வைத்துச் சாப்பாடு வந்தது. ஆள் போனதும் ஏணி வைத்து ஏறி ஊட்டினேன். முதல் இரண்டு நாள் கையைத் தள்ளினாள். பிறகு தள்ளவில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் பின்னாலேயே நின்று, “செந்தாமர, செந்தாமர” என்று கூப்பிட்டார்கள். டீச்சர் குரலும் இருந்தது. அரை மயக்கத்தில் இருந்தவள் எழுந்திருக்கப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். நான் கையை வைத்து மூடினேன். குரல்கள் ஓடைப் பக்கம் போகும்வரை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

டீச்சர் கால் கொப்புளத்தோடு வந்து என் காலில் விழுந்தார். தலையைத் தடவிக்கொடுத்தேன். அவரை இதே நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டீர்களாம், மையத்தைப் பூட்டினார்களாம். அதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. கை கட்டி நிற்கச் சொன்னவர் அவர்.

மாட்டிக்கொண்டது வெல்லத்தால். அவள் வாங்கிவந்த அச்சு தீர்ந்துபோனது. பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் களி கொண்டுவந்தபோது, கொஞ்சம் வெல்லம் இருக்குமா என்று கேட்டுவிட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்பது ஊருக்கே தெரியும்.

“உனக்கு எதுக்குக்கா வெல்லம்?” என்றாள்.

அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் ஏணியைப் பார்த்தாள். நான் ஓடவில்லை, அழவில்லை. அவள் சொல்லி நீங்கள் வந்து மேலே ஏறும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

வருத்தப்படுகிறாயா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். இல்லை. ஒளித்துவைத்தது நான், மாத்திரை கொடுத்தது நான், வாயைப் பொத்தியது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். வயிற்றில் சுமந்ததற்கு ஒரு பதக்கமும் கிடையாது, ஒரு பஸ் ஏறியதற்குத் தங்கமா? பெற்ற பிள்ளையைக் கடன் கொடுத்துவிட்டு, அது திரும்பி வராது என்று தெரிந்தும் கைதட்ட என்னால் ஆகாது. மறுபடி விட்டாலும் இதையேதான் செய்வேன். பரணில் கிடந்த அத்தனை நாளும் ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. அவ்வளவு பதமாக ஊட்டினேன்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் நர்ஸ் ஊட்டப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னீர்கள். நான் சொன்னேனா இல்லையா, என் கை வேண்டும் அவளுக்கு. அதனால்தானே இன்று காலை என்னைக் கூட்டிப்போனீர்கள். நீங்களும் நின்று பார்த்தீர்கள். வெல்லம் வைத்து உருட்டி நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் ஒடுங்கிக்கொண்டாள். அப்புறம் டீச்சர் உள்ளே வந்தார். தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கை கட்டிக்கொண்டார். என்னை வெளியே கூட்டிவந்துவிட்டீர்கள்.

கதவு சாத்துவதற்குள் அவள் குரல் கேட்டது. “நானே” என்றாள். கை நடுங்குகிற பிள்ளை மேடம். ஒரு வாய் ஒழுங்காகப் போயிருக்காது. மயக்கத்தில் யாரைப் பார்த்தோம், என்ன சொன்னோம் என்று அவளுக்கு எங்கே தெரியும், என்னைத் தேடித்தான் அப்படிச் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். எவ்வளவு சிந்தினாள்?