கவிலேஷ் கேக் சாப்பிட்ட அன்று

ஒரு வயதுக் குழந்தைக்குக் கேக் வாங்கும்போது இனிப்புக் குறைவாகப் பார்த்து வாங்க வேண்டும், புவான். நமக்கு ருசிப்பது அதற்குத் திகட்டிவிடும். அதனால் நான் வீட்டிலேயே வாழைப்பழம் மசித்துப் போட்டு, மேலே கெட்டித் தயிர் தடவி, சின்னதாக ஒன்று செய்து பழக்கினேன். முதல் நாள் கவிலேஷ் விரலை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். மூன்றாம் நாள் இரண்டு கையாலும் அள்ளிக் காது வரைக்கும் பூசிக்கொண்டான்.

பிறந்தநாளுக்குப் படம் பிடிக்கிற பெண் மலர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். குழந்தை தூங்கி எழுந்த பிறகு கூட்டி வரவும், கையில் கிரீம் ஒட்டினால் மிரளாத அளவுக்கு முன்பே பழக்கவும், மாற்றுத் துணி, பிடித்த பொம்மை என்று வரிசையாக இருந்தது. என் தம்பி மனைவி ரூபினி அதை எனக்கு அனுப்பி, எல்லாம் நீங்கள்தான் அண்ணி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். நான் ஒன்றையும் விடவில்லை. இரண்டு மாதக் குழந்தையிலிருந்து கவிலேஷை வைத்திருந்தது நான்தானே.

ரூபினியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் எல்லைப் பாலத்தைத் தாண்டினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். குழந்தை விழிப்பதற்குள் போய்விடுவாள், தூங்கிய பிறகு வருவாள். உலு திராமில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டே தெருதான். தம்பி வசந்தன் காலையில் கொண்டுவந்து விட்டுச் சாயங்காலம் தூக்கிப் போவான். ரூபினி தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கேண்டீனிலிருந்து வீடியோ கால் பண்ணுவாள். வேலை நாளில் அவள் மகனைப் பார்ப்பது அப்போதுதான்.

அவனுக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒரு நாள் கால் வந்த அதே நேரத்தில் அவன் பாதம் சாப்பாட்டு நாற்காலித் தட்டில் மாட்டிக்கொண்டது. வீறிட்டான். நான் காலை எடுத்துவிட்டுத் தூக்கி அணைத்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அடங்கிவிட்டான். போனில் ரூபினி, "என்னைப் பாத்தாலே அழறான் அண்ணி" என்றாள். தட்டு மாட்டிய விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு நாற்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, என் கழுத்தை அதற்கு முன் யாரும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. மனசு நிறைந்துபோயிருந்தது.

மறுநாள் பன்னிரண்டரைக்கு அவன் பாதத்தை நானே கிள்ளினேன்.

இலேசாகத்தான். உள்ளங்காலின் வளைவில், இரண்டு நகம் படும்படி. போனில் என் கை தெரியாது. அவள் குரல் கேட்டதும் கிள்ளுவேன், அழுவான், நான் தூக்குவேன், அடங்குவான். ஒரு மாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் கிள்ள வேண்டியே இருக்கவில்லை. போன் மணி அடித்தாலே உதட்டைப் பிதுக்குவான். ஆனாலும் மறந்துவிடக் கூடாது என்று கிள்ளிக்கொண்டுதான் இருந்தேன். நான் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் லைனில் நின்றவள். எந்த வேலையானாலும் ஒழுங்காகச் செய்துதான் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்து அலறுவான். ஒரு தடவை என் சமையலறையில் உட்கார்ந்து அவளும் அழுதாள். நான் மைலோ கலக்கிக் கொடுத்தேன், போகப் போகச் சரியாகிவிடும் என்று முதுகைத் தடவிவிட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

ஆனால் அவன் அழுததாலேயே அவள் வேலையை விடப்போகிறாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கமே, தம்போயில் ஒரு வேலை பார்த்துவிட்டாள். அங்கேயே பக்கத்தில் நர்சரி. பிறந்தநாள் முடிந்த மறுவாரம் வீடும் மாறுகிறோம் என்று வசந்தன் சாதாரணமாகச் சொன்னான். இனிமேல் உனக்கும் ஓய்வுதான் அக்கா என்றான். அவன் இல்லாத வீட்டில் காலையில் எழுந்து என்ன செய்வது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அந்தப் படப்பிடிப்புதான் மிச்சம் இருந்தது. கவிலேஷ் தன் மடியில் உட்கார்ந்து கேக் சாப்பிடுகிற மாதிரி ஒரு படம் வேண்டும், அது போதும் எனக்கு என்று ரூபினி திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கென்று மஞ்சளில் ஒரு பஞ்சாபி சூட் எடுத்து, கையைப் பிடித்துத் தைக்க என்னிடம் கொடுத்திருந்தாள். கடைசி ஒரு வாரம், தயிர்க் கேக் கொடுத்து முடித்ததும் அந்தச் சூட்டை நான் போட்டுக்கொண்டு அவன் முன்னால் உட்காருவேன். கிள்ளுவேன். பிறகு கழற்றிவிட்டு வந்து தூக்கிக்கொள்வேன். எல்லார் முன்னாலும் அவன் அம்மாவிடம் போக மறுத்தால் வசந்தனே, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவான் என்று நம்பினேன்.

மலரின் ஸ்டூடியோ கடைவீட்டு மாடியில் இருந்தது. டயப்பருக்கு மேல் ஒரு வெள்ளை ஜட்டி, தலையில் கிரீடம், வெறுங்கால். அவ்வளவு அழகாக உட்கார்ந்தான், புவான். நான் கேமராவுக்குப் பின்னால் நின்று கை தட்ட, அவன் கேக்கில் கையை விட்டுச் சிரித்தான். பத்து நிமிஷம் எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்புறம் ரூபினி மஞ்சள் சூட்டோடு உள்ளே வந்தாள். அவன் அலறினான். அவள் தொடக்கூட இல்லை. இரண்டு காலையும் வயிற்றோடு இழுத்துக்கொண்டான். முகத்தை மறைக்கவில்லை, காலைத்தான் மறைத்தான். மலர் அதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

சற்று அடங்கியதும் மலர், உள்ளங்கால் கேமராவுக்கு நேராக வருகிறது, அந்தத் திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிடலாமா என்று கேட்டாள். கண் படக் கூடாது என்று குழந்தைக்கு உள்ளங்காலில் மை வைப்பது நம் வழக்கம்தான். நான் கொஞ்சம் பெரிதாக, இரண்டு காலிலும் வைப்பேன். குளிப்பாட்டிய உடனே வைத்து அனுப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அழியாமல் பார்த்துக்கொள் என்று ரூபினியிடம் சொல்லியிருந்தேன். அவளும் பயபக்தியோடு, அதற்குமேலேயே மை வைத்துக்கொண்டு வந்தாள். படத்துக்காக ஒருத்தி அதைத் துடைப்பாள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

ஈரத் துணியில் மை போய்விட்டது. நீலம் போகவில்லை. மலர் இன்னொரு துணி எடுத்துத் துடைத்தாள். மெதுவாகத் துடைத்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

ரூபினி குனிந்து பார்த்தாள். பிறை பிறையாக நகத் தடம் இருந்தது. பழையது மஞ்சளாக, புதிது கருநீலமாக.

"அண்ணி, இது எப்படி வந்துச்சு?"

கொசு என்றேன். அவள் என் கையையே பார்த்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேக் ஒட்டிய பிள்ளையை அப்படியே துண்டில் சுற்றிக்கொண்டு கிளினிக் போனார்கள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

வசந்தன் ஒரு தடவைதான் என்னிடம் பேசினான். "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறதுன்னு சொல்வாங்களே அக்கா. நான் அத சும்மா பேச்சுக்குச் சொல்றதுன்னு நெனச்சேன்." அந்தப் பழமொழி வேஷக்காரர்களைப் பற்றியது. நான் கிள்ளியதும் உண்மை, ஆற்றியதும் உண்மை. ஸ்பிரிங் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது எத்தனையோ நாள் எனக்கே கண் கலங்கியிருக்கிறது. இப்போது ஒன்றும் வரவில்லை. வீட்டில் அந்த ஸ்பிரிங் இன்னும் உத்திரத்தில்தான் தொங்குகிறது.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் புவான். கிள்ளியது நான். ஐந்து மாதம், வேலை நாள் தவறாமல். அடித்துச் சொல்லவைத்தார்கள் என்றோ, புத்தி சரியில்லை என்றோ நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். மை துடைத்தபோது வலியில் அவன் கதறிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான். பெற்றவள் பக்கத்திலேயே நின்றாள். அவன் நீட்டியது என் பக்கம்.

குழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது.