வல்லத்திராக்கோட்டைக்கு ஒரு மிஸ்டு கால்

பிரகதீஸ்வரி: மைக் ஆஃப்லதானே இருக்கு?

ஜஸ்டின்: எத்தன தடவ கேப்ப? ஆஃப்லதான் இருக்கு. தண்ணி குடி.

பிரகதீஸ்வரி: உள்ள எறங்க மாட்டேங்குது ஜஸ்டின். நெஞ்சு அடிக்கிற அடி இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்.

ஜஸ்டின்: எனக்கு மட்டும் என்னவாம்? எங்கம்மா ஆவூர் கோயில்ல மெழுகுதிரி ஏத்தி வச்சுட்டு, சேதி வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்திருக்கு.

பிரகதீஸ்வரி: எங்க வீட்ல சிதறு தேங்காயக் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. சரி, ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிறேன்... மிஸ்டு கால் குடுத்தா மோட்டார் ஓடும், இன்னொண்ணு குடுத்தா நிக்கும். நம்ம ஸ்டார்ட்டரக் கென்யாக்காரன் மொத்தமாக் கேக்குறான். ஏற்றுமதி மண்டலத்துல எடம் குடுத்தா, வெளிநாட்டு பார்ட்ஸுக்கு சுங்க வரி இல்ல, செய்யிறதெல்லாம் கப்பலேறிப் போயிரும்...

ஜஸ்டின்: குடுக்கலைன்னா?

பிரகதீஸ்வரி: வாயக் கழுவு! குடுக்கலைன்னா அவன் கேக்குற வெலைக்கு நம்மளால செய்ய முடியாது. அவன் வேற ஆளப் பாப்பான். இந்த ரூமப் பூட்டிட்டு நீ சிங்கப்பூர் போயிருவ, நான்...

ஜஸ்டின்: இரு இரு, சென்னையிலேர்ந்து கூப்பிடுறாங்க! ஏற்றுமதி மண்டலக் கமிட்டி அதிகாரிதான். மைக் ஆன்.

அதிகாரி: இலுப்பூர்தானே? ரெண்டு பேரும் பார்ட்னர்ஸா?

பிரகதீஸ்வரி: வணக்கம் சார். ஆமா சார். நான் பிரகதீஸ்வரி, இவரு ஜஸ்டின். ஒண்ணாப் படிச்சோம், ஒண்ணாத் தொழில் பண்றோம்.

அதிகாரி: பேப்பர்ஸ் எல்லாம் சரியா இருக்கு. எங்களுக்கு ஒரே சந்தேகம்தான். பார்ட்ஸை வரவழைச்சு, பெட்டிக்குள்ள வச்சு, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புறவங்க நிறைய. நீங்க நிஜமாவே தயாரிக்கிறீங்களா? ஓட்டிக் காட்டுங்க, பார்ப்போம்.

பிரகதீஸ்வரி: இதோ சார். இதான் போர்டு. மோட்டாருக்குப் பதிலா இந்த பல்பு. போர்டுல இருக்கிற சிம் நம்பருக்கு போன் அடிச்சதும் எரியும். அடிக்கிறேன் சார்...

அதிகாரி: ...எரியலையே?

ஜஸ்டின்: சிக்னல் சார். மாடி ரூமு பாருங்க...

அதிகாரி: கென்யாவுல மட்டும் சிக்னல் தேடி வருமா?

ஜஸ்டின்: இல்ல சார்... அது வந்து...

பிரகதீஸ்வரி: சார், ஒரு செகண்டு. போன் வருது...

அதிகாரி: மீட்டிங் நடுவுல போனா?

பிரகதீஸ்வரி: ஐயோ, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன் சார்!

அய்யாக்கண்ணு: ஏத்தா பிரகதி! என்னத்தா பண்ணித் தொலைச்ச? வல்லத்திராக்கோட்டையில எம் மோட்டாரு தன்னால ஓடுது! கடல காயப் போட்டிருக்கேன், அம்புட்டும் தண்ணியில மெதக்குது!

பிரகதீஸ்வரி: அய்யய்யோ பெரியப்பா! நம்பர் மாத்தி அடிச்சுட்டேன் போல!

அய்யாக்கண்ணு: போலயா? மொதல்ல நிறுத்துத்தா! அங்கிட்டு அள்ளுனா இங்கிட்டு ஓடுது... ஆங்... நின்னுருச்சு. நின்னுருச்சுத்தா.

அதிகாரி: யாரும்மா அவரு?

பிரகதீஸ்வரி: எங்க மொத கஸ்டமர் சார், அய்யாக்கண்ணு பெரியப்பா. அவரு மோட்டார்ல இருக்கிறது நாங்க செஞ்ச ஸ்டார்ட்டர்தான்.

அதிகாரி: பெரியவரே, அது எப்படி ஓடுது?

அய்யாக்கண்ணு: நீங்க யாருங்க? நல்லாத்தாங்க ஓடுது. ரெண்டு வெள்ளாமை எடுத்துட்டேன். இடி மழைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரன் கடையில வாங்குன பெட்டி பொகஞ்சுபோச்சு, இது அசையல. இன்னைக்குத்தான் எங் கடலைய இப்புடி...

அதிகாரி: இங்க எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா. இதுக்கு மேல என்ன ஓட்டிக் காட்டப் போறீங்க? அனுமதி குடுக்குறோம். ஆர்டர் வந்து சேரும். பெரியவர் கடலைக்கு ஒரு வழி பண்ணுங்க.

ஜஸ்டின்: தேங்க்ஸ் சார்! ரொம்ப தேங்க்ஸ் சார்! ...மைக் ஆஃப். கேமரா ஆஃப். பிரகதீ!

பிரகதீஸ்வரி: கெடச்சிருச்சுடா! ஐயோ, என்னக் கிள்ளு... ஆ! மெதுவாடா!

ஜஸ்டின்: இரு, அம்மாவ மொதல்ல எந்திரிக்கச் சொல்றேன்...

பிரகதீஸ்வரி: நில்லு. மோட்டார நான் நிறுத்தலையே?

ஜஸ்டின்: நாந்தான். மேசைக்கு அடியில போன வச்சு அடிச்சேன்.

பிரகதீஸ்வரி: அவரு மோட்டார் நம்பர் அவ்வளவு ரெடியா எப்படிடா இருந்துச்சு ஒங்கிட்ட?

ஜஸ்டின்: அது... நீ எப்படி நம்பர் மாத்தி அடிச்ச? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எல்லா ஸ்டார்ட்டர் நம்பரும் சொல்லுவியே?

பிரகதீஸ்வரி: ...நேத்து சாயங்காலமே இந்த போர்டு பொகஞ்சுபோச்சுடா. நாந்தான் வயரத் தப்பா மாத்தி மாட்டிட்டேன். இருந்த இன்னொண்ணும் கென்யாவுக்கு சாம்பிளாப் போயிருச்சு. சொன்னா நீ பயந்துருவன்னு...

ஜஸ்டின்: காலையில தொறந்து பாத்தேன். கருகிக் கெடந்துச்சு. நீ பயந்துருவன்னு நானும் சொல்லல.

பிரகதீஸ்வரி: அப்ப நீயும் பெரியப்பாகிட்ட...?

அய்யாக்கண்ணு: ஆத்தா, நான் இன்னும் லைன்லதான் இருக்கேன். ஆளுக்கொரு போனப் போட்டு, மோட்டார் ஓடுனதும் கூப்புட்டுச் சத்தம் போடுங்கன்னீங்க. அவகிட்டச் சொல்லாதீங்கன்னு இவன், இவன்கிட்டச் சொல்லாதீங்கன்னு நீ!

பிரகதீஸ்வரி: பெரியப்பா! உங்க காலுல விழணும். என்னமா நடிச்சீங்க! நெசமாவே கடல மெதக்குதுன்னு நானே பதறிட்டேன்.

அய்யாக்கண்ணு: எனக்கு எங்கத்தா நடிக்க வருது? அதான், ஒரு சாக்குக் கடலைய நெசமாவே கொண்டாந்து தண்ணி விழுகுற எடத்துல கொட்டிட்டேன். அது நனையிறதப் பாத்ததும் சத்தம் தன்னால வந்துருச்சு.