சிலுப்பாமேடு

அது ஒரு காலம். நாகப்பட்டினத்துல கப்பல்ல வந்து எறங்குற சீமைச் சனமெல்லாம் நம்ம மேட்டுக்கு நடந்தே வருமாம். எதுக்கு? அரசமரத்தடியில இருக்காரே புத்தரு, அவரக் கும்பிட. நம்மாளுங்களுக்குப் புத்தருன்னெல்லாம் தெரியாது. ஒக்காந்த சாமி, அவ்வளவுதான். சாமின்னா கெடா வெட்டணும், அதுவும் அவ்வளவுதான்!

அப்ப இங்க செம்பாயின்னு ஒருத்தி. நம்ம வம்சத்துக்கே மூத்தவ. அவ மக தலைப்பிரசவத்துல துடியாத் துடிக்கிறா. செம்பாயி ஓடியாந்து, "சாமி, ரெண்டு உசுரையும் பொழைக்க வையி, நான் வளத்த கெடாவ ஒனக்கே வெட்டுறேன்"னு விழுந்துட்டா. தாயும் புள்ளையும் பொழைச்சிருச்சு.

நேந்தத செய்யணுமில்ல? செய்யலன்னா சாமி குடுத்தத எடுத்துக்குமே! தீட்டு கழிஞ்சதும் கெடாவுக்கு மாலை போட்டு இழுத்தாந்தாச்சு. தலையில மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு. அது ஒடம்பச் சிலுப்பினாத்தான் சாமி உத்தரவு, அப்பறம்தான் அருவா எறங்கும். ஊத்துறாங்க, ஊத்துறாங்க, கெடா அசையவே இல்லையாம். சாமிக்கு என்ன கொறையோன்னு செம்பாயி இன்னொரு கொடம் ஊத்துறா.

கும்பிட வந்திருந்த ஒரு துறவி கிட்ட வந்தாராம். "அம்மா, இவரு ரத்தம் கேக்குறவரில்ல."

"கேக்காத சாமி எதுக்குய்யா எம்மகளக் காப்பாத்துச்சு?"

"பசிச்சா காப்பாத்தினாரு? பாவமேன்னு காப்பாத்தினாரு."

செம்பாயி சாமி மொகத்தப் பாத்தா. கெடா மொகத்தப் பாத்தா. அவ கையால தவிடு தின்னு வளந்த கெடா. அந்த நேரம் பாத்து அது சிலுப்புச்சு பாருங்க, ஒரு சிலுப்பு! பூசாரி அருவாவ ஓங்கிட்டாரு.

"நிறுத்துய்யா! அது சிலுப்பல."

"என்ன ஆத்தா, எம்மூஞ்சியெல்லாம் தண்ணி!"

"அது தூத்தல்."

வெயில் மண்டையப் பொளக்குது! சனம் வாயப் பொளந்து நிக்குது. சாமி கோவிச்சா பேரப்புள்ள போயிருமே. அது தெரிஞ்சேதான் சொல்றா அந்த மகராசி. கெடா கழுத்தப் புடிச்ச கைய விடல.

அப்ப அவ மக, கையில பச்சப்புள்ளையோட, ஆத்தாளுக்குப் பக்கத்துல வந்து நின்னாளாம். "ஆமா, சிலுப்பல"ன்னாளாம். புள்ளையப் பெத்தவளே சொல்லிட்டா, அப்பறம் ஊரென்ன சொல்லும்? "சிலுப்பல, சிலுப்பல"ன்னு ஒரே சத்தமாம். பூசாரி அருவாவக் கீழ போட்டுட்டாரு.

அந்தப் பச்சப்புள்ள வழிதான் நாம அத்தன பேரும்.

அதான் இது சிலுப்பாமேடு. இன்னிக்கும் புள்ள பெத்தவ கெடாவக் கொண்டாந்து தண்ணி ஊத்துவா. அது நல்லாவே சிலுப்பும். "சிலுப்புச்சா?"ம்பாரு பூசாரி. "சிலுப்பல!"ம்போம், ஊரே சேந்து. கயித்த அவுத்து விட்டுருவோம். சாமி ஒண்ணும் சொல்றதில்ல. அவரு கண்ண மூடித்தான ஒக்காந்திருக்காரு!